வேகமா ஓடுதுன்னு யார் அளந்தா?

திங்கட்கிழமை காலையில் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பார்சல் எண்ணைத் தட்டும் பக்கத்தைத் திறந்தாள். வழக்கமாக அந்த நொடியே சித்தப்பா சளசளவென்று ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குத் திரையில் திறந்த ஜன்னலின் தலைப்பை மட்டும் ஒருதரம் முணுமுணுத்துவிட்டு அடங்கிப்போனார். அவள் டேப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அம்புக்குறிகளை அமுக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். தலைப்பு, அப்புறம் அமைதி.

சித்தப்பா என்பது ஆள் இல்லை; திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். ஆண்குரல். கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதால் அவள் அதற்கு வைத்த உறவுமுறை அது. பள்ளியில் படிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனவள் அவள். வேலைக்கு வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் அவளிடம் சித்தப்பா வழியாகத்தான் பேசும். அவர் பேசும் வேகத்தை அவள் கூட்டிக் கூட்டி வைத்திருந்ததில், வேறு யார் அந்த ஹெட்போனைக் காதில் வைத்தாலும் வண்டு பறப்பதுபோல்தான் கேட்கும். அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவு. அந்த அறையில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் விழுந்ததும் அதனால்தான்.

ஒரு பார்சல் கம்பெனியின் விசாரணை அறை அது. கீழே கிடங்கு, மேலே இவர்கள். கீழே பெட்டிகள் உருளும் சத்தம் நாள்பூரா தரை வழியாக ஏறி வரும். "என் பார்சல் எங்கே?" என்று கேட்டு யாராவது போன் செய்வார்கள், எண்ணை வாங்கித் தட்டி, எந்த ஊரில் எந்த வண்டியில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குள் அழுகை, வசவு, மிரட்டல், வரன் விசாரிப்பு என்று எல்லாம் வரும். எக்ஸ்பிரஸ் அத்தனைக்கும் அசராதவள். கத்துகிறவரைக் கத்தவிட்டு, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பதிலைச் சொருகிவிடுவாள்.

"ஏப்பா!" என்று அறைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "யாராவது அந்த டர்போவைக் கூப்பிடுங்க. சித்தப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

டர்போ அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். முப்பது வயதிருக்கும். கெட்டுப்போன எதையும் குப்பையில் போட விடமாட்டான். கம்ப்யூட்டர்கள் பழசு, எல்லாம் மெதுவாக ஓடுகின்றன என்று அறை முழுக்கப் புலம்பல் வந்ததில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு பிரவுசரை இறக்கி, அந்த அறை கம்ப்யூட்டர்களின் பிராசஸருக்கென்றே அளவெடுத்து, வேண்டாத பாகங்களை வெட்டி, சொந்தமாக ஒரு பிரவுசர் கட்டினான். மாதக்கணக்காக வீட்டில் உட்கார்ந்து கட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் வந்து எல்லா மேஜையிலும் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அன்று காலை வந்தவர்கள் எல்லோரும் "பறக்குதுப்பா!" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த மிதப்பில்தான் எக்ஸ்பிரஸின் மேஜைக்கு வந்தான்.

"என்னக்கா, எப்படி இருக்கு நம்ம வண்டி?"

"வண்டி இருக்கட்டும். ஏன் பேசமாட்டேங்குது?"

அவன் குனிந்து எதையோ தட்டினான். தட்டும் சத்தம் பாதியில் நின்றது. "வேண்டாததை வெட்டினதுல இதுவும் போயிடுச்சு போல," என்று முனகினான்.

"எதையெல்லாம்டா வெட்டினே?"

"சும்மா... பின்னாடி ஓடிட்டிருக்கிற சில சர்வீஸ்க்கா. அதுல ஒண்ணு, இந்த ஸ்க்ரீன் ரீடர்கூட, அதான் உங்க சித்தப்பாகூட, பேசுற பகுதி. அதை எடுத்தா மெமரி மிச்சமாகும், வேகம் கூடும்னு ஃபோரத்துல எல்லாரும் சொன்னாங்க. யாரும் யூஸ் பண்றதில்லன்னு..."

"யாரும்னா?"

அவன் மறுபடி விசைகளைத் தட்டத் தொடங்கினான்.

"அஞ்சு வருஷமா உன் கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கேன். நான் யாருல சேர்த்தி?"

"சத்தியமா தோணலக்கா," என்றான். அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது. வேண்டுமென்றே தள்ளியிருந்தால்கூடச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல பெயர் வாங்குவதில் இன்னும் ஆசை உள்ளவர். அறையின் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது என்று தலைமை அலுவலகத்துக்கு அன்று காலையே சொல்லிவிட்டிருந்தார்.

"பழையதையே எனக்குப் போட்டுக் குடுங்க சார். முடிஞ்சுது கதை," என்றாள் அவள்.

"அப்படி ஆளுக்கு ஒண்ணு போட முடியாதும்மா. எல்லா மேஜையிலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. டர்போ அடுத்த தடவை கட்டும்போது உங்க சமாச்சாரத்தையும் சேர்த்துருவான். அதுவரைக்கும், இப்போதைக்கு, நீங்க கீழ ரிசப்ஷன்ல உட்காருங்க. வர்றவங்களை வரவேற்கிற வேலை. டென்ஷனே கிடையாது."

இப்போதைக்கு. அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. இதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான், இப்போதைக்கு என்று சொல்லி வாசல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பூந்தொட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் குடை வைக்கும் கூடை. தொட்டியில் செடியை மாற்றினார்கள், கூடையை மாற்றினார்கள், அவளை மாற்றவில்லை. தானாக ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அந்த இப்போதைக்கு முடிந்தது.

"நான் எந்திரிக்கமாட்டேன் சார்," என்றாள்.

"என்னம்மா இது, சின்னப்பிள்ளை மாதிரி..."

"என் சீட் இது. நான் இங்கதான் உட்காருவேன்."

அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்துதான் இருந்தாள். ஒரு வேலையும் இல்லாமல், ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற சுபாவம். மாலையில் அவள் பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலேயே விஷயம் புரிந்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"விட்டுடும்மா. எல்லாருக்கும் வேகமா இருக்கு, சந்தோஷமா இருக்காங்க. நீ ஒருத்தி குறுக்க நின்னா உன்மேலதான் எரிச்சல்படுவாங்க. இப்படித்தான் போன மாசம் அந்த ஏழு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் மெதுவா போகுதுன்னு ஒரே ரகளை. நான் போய்க் கதவோட சக்கரத்தைச் சுத்தம் பண்ணிக் கிரீஸ் போட்டுட்டு வந்தேன். இப்ப லிஃப்ட் ராக்கெட் மாதிரி போகுதுன்னு போறவன் வர்றவன் எல்லாம் கையைப் பிடிச்சுக் குலுக்கறான்."

"போகுதா?"

"எங்க போகுது? கதவுதான் சட்டுனு மூடுது. மேல ஏறுறது அதே வேகம்தான். மோட்டாரை நான் தொடவே இல்லையே."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஏங்க, அதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். தான் அணைக்க வந்த அடுப்பில் தானே விறகு வைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவள் டர்போவைப் பிடித்தாள்.

"நீ கட்டினது வேகமா ஓடுதுன்னு யார் அளந்தா?"

"யாரு அளக்கணும்? எல்லாரும் சொல்றாங்களேக்கா."

"சொல்றதைக் கேக்கலை. நீ அளந்தியா?"

டர்போவுக்குச் சுர்ரென்று வந்தது. "என் வீட்டுல அளந்தேன். படம் நிறைய இருக்கிற ஒரு சோதனைப் பக்கத்துல என்னோடதுதான் ஜெயிச்சுது."

"பார்சல் பக்கத்துல?"

"அதுலயும் வேகமாத்தான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

"சரி, இன்னிக்கு மத்தியானம் வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அளந்தே காட்டிடறேன்," என்றான். கோபத்தில் சொன்னாலும் குறுக்குவழி தெரியாதவன் அவன். பரீட்சையை அவனே யோசித்து, தனக்குக்கூடச் சலுகை இல்லாமல் அமைத்தான். ஸ்டோர் ரூமில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் அவன் கட்டியது, இன்னொன்றில் எல்லோரும் இறக்கிக்கொள்கிற சாதாரண பிரவுசர், அதுவும் அப்போதுதான் புதிதாகப் போட்டது. இரண்டுக்கும் திரையில் ஒரே குறிப்படம், ஒரே பெயர். எது எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தில் காட்டிவிடக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

முதலில் எக்ஸ்பிரஸின் பக்கத்து சீட்டுக்காரி உட்கார்ந்தாள். அந்த அறையில் டர்போவின் பிரவுசரை அதிகம் கொண்டாடியது அவள்தான். இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்சல் எண்களைத் தட்டினாள்.

"இதுல என்ன சந்தேகம்? இடது பக்கம்தான். அப்படியே வழுக்கிட்டுப் போகுது. வலது பக்கம் இழுக்குது பாருங்க, நேத்து வரைக்கும் நாம பட்ட பாடு."

அடுத்தவர் வலது என்றார். அதற்கடுத்தவர் இடது என்று அடித்துச் சொன்னார். இன்னொருத்தர் இரண்டுமே நேற்றைவிட வேகம் என்றார். பிறகு டர்போ, பக்கம் திறக்க ஆகும் நேரத்தைப் பதிவு செய்கிற நிரலை இரண்டிலும் ஓடவிட்டு, உட்கார்ந்து பார்த்தான். திரும்பத் திரும்ப ஓட்டினான். எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எக்ஸ்பிரஸ் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"சொல்லு தம்பி."

"இடது பக்கம் சாதாரணது," என்றான் கடைசியில். "பார்சல் பக்கத்துல ரெண்டும் ஒண்ணுதான்க்கா. ஒரு தடவை இது முந்துது, ஒரு தடவை அது. நாம காத்திருக்கிற நேரம் பூரா அந்தப் பக்கம், சர்வர்லயும் லைன்லயும் போயிடுது. பிரவுசருக்கு அதுல வேலையே கொஞ்சம்தான். திறக்கும்போது மட்டும் என்னோடது கண் சிமிட்டுற நேரம் முன்னாடி திறக்குது."

"கதவு," என்றாள் அவள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அப்ப திங்கட்கிழமை ஏன் எல்லாரும் பறக்குதுன்னாங்க?"

"பழசுல வருஷக்கணக்கா குப்பை சேர்ந்திருந்தது. விலை பார்க்கிறது, கூப்பன் தேடுறது, வானிலை சொல்றதுன்னு ஆளுக்கு ஒண்ணை ஒட்டி வச்சிருந்தாங்க. அதெல்லாம் போச்சுல்ல? பழசையே துடைச்சுட்டுப் புதுசாப் போட்டிருந்தாலும் பறந்திருக்கும்." பிறகு முறுக்காக, "ஆனா அந்தப் படப் பக்கத்துல என்னோடதுதான் வேகம். அதையும் சொல்லணும்ல?" என்றான்.

"சொல்லு. ஏன் சொல்லக்கூடாது? உண்மையாத்தானே ஜெயிச்சிருக்கே," என்றாள் அவள். அவன் விட்டுக்கொடுக்காதது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு பேருமாக மேனேஜரிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அளவு கிளவெல்லாம் இருக்கட்டும்ப்பா. ஆளுங்க வேகம்னு நினைக்கிறாங்க, சந்தோஷமா வேலை பார்க்கிறாங்க. எனக்கு அது போதும். மேல சொன்னதைத் திருப்பி வாங்கச் சொல்றியா? நாளையிலேருந்து ரிசப்ஷன், மேடம். இது என் உத்தரவு," என்றார்.

புதன்கிழமை காலை அவள் தன் சீட்டிலேயே போய் உட்கார்ந்தாள். போனை ஆன் செய்தாள். முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம் சார். உங்க பார்சல் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆனா அது என்கிட்ட பேசக்கூடாதுன்னு எங்க கம்பெனி முடிவு பண்ணியிருக்கு. எனக்குக் கண் தெரியாது சார், காதாலதான் படிப்பேன். லைன்லயே இருங்க, முடிவு பண்ண எங்க மேனேஜருக்கே கனெக்ட் பண்றேன். அவர் பார்த்துச் சொல்லுவார்."

அடுத்த அழைப்புக்கும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே. குரலில் ஒரு துளி கோபம் இல்லை. தேன் தடவினதுபோல் இருந்தது. கண்ணாடி அறைக்குள் மேனேஜரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்சலைத் தேடும் பக்கத்தை அவர் தொட்டுப் பல காலம் ஆகிவிட்டது. கடவுச்சொல் மறந்துபோய், டர்போவைக் கூப்பிட்டுப் புதிது வாங்கினார். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் ஒரு கிழவரின் பார்சலைத் தொலைந்துபோனதாகப் பதிந்துவிட்டு, அதை நீக்கத் தெரியாமல் திண்டாடினார். போன் செய்தவர்களில் சிலர் பார்சலை மறந்துவிட்டு, "அந்தம்மாவை ஏன் சார் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார்கள். எல்லாம் பதிவாகிற லைன்.

ஒருதரம் அவர் வாசலில் வந்து நின்று கத்தினார். "உங்களை சஸ்பெண்ட் பண்ண முடியும், தெரியுமா?"

"பண்ணுங்க சார். காரணம் மட்டும் சரியா எழுதுங்க. வேகம் கூடாத ஒரு பிரவுசருக்காக, வேலை தெரிஞ்ச ஒருத்தியை எந்திரிக்கச் சொன்னோம், அவ எந்திரிக்கலைன்னு எழுதுங்க. இருங்க சார், போன் அடிக்குது, உங்களுக்குத்தான்."

பக்கத்து சீட்டுக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அறையில் எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. "இந்தம்மாவுக்கு எப்பவும் ஒரு பிரச்சினை" என்று யாரோ முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. யாருடைய குரல் என்பதும் தெரிந்தது. அந்த ஆளின் வேலையைக் காய்ச்சல் நாட்களில் அவள்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அதே தேன்குரலில் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

சாயங்காலம் ஆவதற்குள் மேனேஜருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டர்போவைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு எதைப் போடணுமோ போட்டுத் தொலை," என்றார்.

வியாழக்கிழமை காலை சித்தப்பா பேசினார். எக்ஸ்பிரஸ் முதல் அழைப்பை எடுத்து, "உங்க பார்சல் மதியத்துக்குள்ள வந்துடும்மா," என்று சொல்லி வைத்தபோது பக்கத்தில் டர்போ நிற்பது தெரிந்தது. அவன் போடும் ஷூ ஒரு மாதிரி கிறீச்சிடும்.

"என்ன?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பகுதியைத் திருப்பிச் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். அளந்தேன்." அவன் ஒரு அடி கிட்டே வந்தான். "ஒரு வித்தியாசமும் இல்லை. யாரும் கேட்காத வரைக்கும் அது பாட்டுக்குத் தூங்கிட்டுத்தான் இருக்கும் போல. அதை எடுத்ததால எனக்கு ஒண்ணுமே கிடைக்கலக்கா."

"ஒண்ணும் கிடைக்காததுக்கா என்னை எடுத்தே?"

பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால்தானே சொல்வதற்கு? "வேகம் கிடைச்சிருந்தா மட்டும் சரியாயிடுமா தம்பி? அதையும் யோசி," என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. சாதாரண பிரவுசருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அடிக்கடி வரும். அது வரும்போதெல்லாம் டர்போ தன்னுடையதைத் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். கட்டுவான், ஏதாவது உடையும், சரிசெய்வான், அதற்குள் அடுத்த திருத்தம் வந்து நிற்கும். சில மாதங்களில், ஒட்டுக்கள் எதுவும் இல்லாத சாதாரண பிரவுசரே எல்லா மேஜைக்கும் திரும்பி வந்தது. வேகம் குறைந்துவிட்டதென்று ஒருவரும் சொல்லவில்லை. மேனேஜர் மேலே என்ன சொன்னார் என்று தெரியாது. எக்ஸ்பிரஸிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருடம் சீனியர் பொறுப்புக்குப் பக்கத்து சீட்டுக்காரியைத்தான் போட்டார்கள். அவளே வந்து, "இது உங்களுக்கு வரவேண்டியதுக்கா," என்று அழாத குறையாகச் சொன்னாள். "தெரியும். நீ நல்லாப் பாரு," என்றாள் எக்ஸ்பிரஸ். வீட்டுக்கு வந்து கணவரிடம் அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாள். அவர் இந்தத் தடவை விட்டுடும்மா என்று சொல்லவில்லை. "நாளைக்கும் அதே சீட்டுலதானே உட்காருவே?" என்று மட்டும் கேட்டார்.

டர்போ வீட்டில் இன்னும் கட்டுகிறான். தன் கையால் கட்டியதில் ஓட்டுகிற சுகமே தனி, யார் என்ன சொன்னாலும் விடமாட்டேன் என்கிறான். கட்டிக்கோ, யார் வேண்டாம் என்றார்கள் என்கிறாள் அவள். அது அவன் வீடு, அவன் கம்ப்யூட்டர்.

ஆனால் அறை விஷயத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. இனிமேல் இந்த அறைக்கு எந்தப் புது மென்பொருள் வந்தாலும் முதலில் தன் மேஜையில் ஒரு நாள் ஓட வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கண்ணாடிக் கதவைத் தட்டி, "பார்த்தீங்களா சார்?" என்றாள். அவர் விடுப்பில் போனால் வந்த அன்றே தட்டினாள். கடைசியில், "சரிம்மா, அப்படியே செஞ்சுக்கோங்க, ஆளை விடுங்க," என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் அழைப்புகளைப் பங்கிட்டுக் கொடுக்கிற புதிய மென்பொருள் ஒன்று வந்தது. விற்க வந்தவர் கோட்டும் வாசனையுமாக நின்று, இப்போது இருப்பதைவிட மூன்று மடங்கு வேகம் என்றார். டர்போ அவரை நேராக எக்ஸ்பிரஸின் மேஜைக்குக் கூட்டிவந்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாவகாசமாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். சித்தப்பா, "பொத்தான்... பொத்தான்... பொத்தான்..." என்று பெயரில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இதுல எது என்ன பொத்தான்னே சொல்லமாட்டேங்குது சார். சரி பண்ணிக் கொண்டுவாங்க. அப்படியே அந்த மூணு மடங்கை யார் அளந்தாங்கன்னும் கேட்டுட்டு வாங்க."

விற்க வந்தவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் யாரோடோ மும்முரமாகப் போன் பேசிக்கொண்டிருந்தார்.